விளையாட்டில் விளைந்த சொற்கள்



"பேத்தியைப் படிக்க அனுப்பினோமா, விளையாட அனுப்பினோமா?"

பள்ளி தொடங்கிய மூன்றாம் திங்களில் ஒருநாள், முதலாம் ஆண்டு வகுப்பின் வாயிலில் நின்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் பேத்தியின் தமிழ் ஏடு இருந்தது. முதல் சில பக்கங்களில் எழுத்து இருந்தது. மற்றவை வெறுமையாய்க் கிடந்தன. அவர் வந்த நேரமும் எங்களுக்கு வாய்ப்பானதாக இல்லை. மேசை நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல்லை எழுதி வைத்திருந்தோம். பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக அக்கட்டங்களில் நொண்டியடித்துக் கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கும் எவருக்கும் அது படிப்பாகத் தோன்றியிராது.

"விளையாட்டின் வழியே சொல் கற்பிக்கிறோம், ஐயா" என்று அவசரமாக ஏதோ கூறி அவரை அனுப்பி வைத்தோம். பல்லாண்டுக் காலம் விடியலுக்கு முன் எழுந்து பால் வெட்டி, மக்களைப் படிக்க வைத்த மனிதருக்கு அது போதுமான மறுமொழி அன்று என்பது, அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிச் சென்ற விதத்திலேயே தெரிந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இவ்வாண்டு மலரில் சொல்ல விரும்புகிறோம். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஏழு வயதில் நம் பள்ளிக்கு வரும் குழந்தை வெறுங்கையுடன் வருவதில்லை. வீட்டில் பேசும் தமிழ், பக்கத்து வீட்டாரிடம் கேட்ட மலாய், தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் பொறுக்கிய ஆங்கிலம் என்று ஒரு மூட்டை நிறையச் சொற்களோடுதான் வருகிறது. 'ரெட்', 'புளூ' என்று நிறங்களைச் சொல்லும் குழந்தைக்குச் 'சிவப்பு' தெரியும், 'நீலம்' தெரியாது. ஆப்பிளைப் படத்தில் கண்டதும் பெயர் சொல்லும். வீட்டுக்குப் பின்னால் காய்த்துத் தொங்கும் கொய்யாவுக்குப் பெயர் கேட்டால் விழிக்கும். பாட நூலோ 'சாலை' என்கிறது, 'காலணி' என்கிறது, 'நிலக்கடலை' என்கிறது. குழந்தையின் மூட்டையில் இருப்பவை சடக்கு, சப்பாத்து, கச்சான்.

முன்பெல்லாம் இதற்கு நாங்கள் அறிந்திருந்த வழி ஒன்றே. சொல்லைக் கரும்பலகையில் எழுதுவோம்; வகுப்பே பத்து முறை உரக்கச் சொல்லும்; பிறகு ஏட்டில் பத்து முறை எழுதும். ஒரு மாணவன் 'காலணி' என்று அழகாகப் பத்து வரிகள் எழுதி, நட்சத்திரமும் வாங்கினான். மணி அடித்ததும் அவனே ஓடி வந்து, "டீச்சர், என் சப்பாத்தைக் காணோம்!" என்றான். ஏட்டில் ஏறிய சொல் நாவில் ஏறவில்லை. அன்றுதான் எங்களுக்கு ஐயம் பிறந்தது.

விளையாட்டைக் கல்விக்குத் துணையாக்குவது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி, கைகளால் தொட்டுப் பழகும் பொருள்களைக் கொண்டே பாடம் நடத்திக் காட்டினார். அவர் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் நாட்டிலும் 1983 இல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், படிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றையும் குழந்தை செயலில் ஈடுபட்டுக் கற்க வேண்டும் என்றே வகுக்கப்பட்டது. எனவே வழி பழையதுதான். நடக்கத்தான் நாங்கள் காலந்தாழ்த்தினோம்.

முதலில் தொடங்கியது பை விளையாட்டு. பழைய துணிப்பை ஒன்றில் சீப்பு, கரண்டி, பூட்டு, ரப்பர் விதை, தேங்காய் நார், பஞ்சு என்று சில பொருள்களைப் போட்டுவிடுவோம். பிள்ளை பார்க்காமல் கையை உள்ளே விட்டு, ஒன்றைப் பற்றிக்கொண்டு, அது எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். இதில்தான் வழவழப்பு, சொரசொரப்பு, கூர்மை, மென்மை, கனம் ஆகிய சொற்களுக்குத் தேவை எழுகிறது. 'சொரசொரப்பு' என்பதை ஏட்டில் பத்து முறை எழுதியவன் மறந்துவிடலாம். தேங்காய் நாரை விரலால் தடவிக்கொண்டே அச்சொல்லைத் தேடித் தவித்தவன் மறப்பதில்லை. அவன் தவிக்கும் அந்தக் கணத்தில் சொல்லை எடுத்துக் கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை. முன்னதாகவும் கொடுக்கக்கூடாது, அழும்வரை காத்திருக்கவும் கூடாது.

அடுத்தது தோல்வியில் முடிந்தது. ஆங்கில வகுப்பில் ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சங்கிலி விளையாட்டு உண்டு. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தோம். முதல் மாணவி "மழை" என்றாள். வகுப்பு அடங்கிப் போயிற்று. 'ழை'யில் தொடங்கும் சொல் தமிழில் ஏது? ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளிலும் தமிழ்ச்சொல் தொடங்காது என்று இலக்கணத்தில் நாங்களே படித்ததுதான். விளையாட்டின் மும்முரத்தில் மறந்து போனோம். மற்றொரு முறை "வீடு" என்ற சொல்லுக்குப் பின் நீண்ட மௌனம். கடைசி வரிசையிலிருந்த ஒருவன் துள்ளி எழுந்து "டுரியான்!" என்றான். முள்நாறி என்பதே நல்ல தமிழ் என்று திருத்த நாவு எழுந்தது. ஆனால் அவன் முகத்தில் இருந்த வெற்றிக் களிப்பைப் பார்த்து விட்டுவிட்டோம். அது சரியென்றே இன்றும் எண்ணுகிறோம்.

பிறகு எழுத்துக்குப் பதிலாகச் சொல்லையே சங்கிலியாக்கினோம். இரு சொற்கள் சேர்ந்த தொடரில் பின்சொல்லை எடுத்து அடுத்தவர் தொடர வேண்டும். மழைநீர் என்றால் அடுத்தவர் நீர்மோர், அடுத்து மோர்க்குழம்பு, குழம்புச்சட்டி, சட்டிச்சோறு, சோற்றுக்கற்றாழை! மழையில் தொடங்கிக் கற்றாழையில் முடிந்ததைக் கண்டு வகுப்பே சிரித்தது. இவ்விளையாட்டு நம் மொழிக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. நீர்மோரில் ஒற்று மிகவில்லை, மோர்க்குழம்பில் மிகுந்தது, சோறு 'சோற்று' என்று திரிந்தது. வல்லினம் மிகும் இடத்தை மேல் வகுப்பு மாணவர்களுக்கு விதி சொல்லி விளக்க நாங்கள் படும் பாட்டை எல்லாரும் அறிவர். இச்சிறுவர்கள் விதியறியாமலே, 'மோர்குழம்பு' என்று எவராவது சொன்னால் காதில் கல் விழுந்ததுபோல் முகம் சுளிக்கத் தொடங்கினார்கள்.

லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்கு ஓடும் விளையாட்டே உகந்தது. ஒரு சுவரில் பல்லியின் படம், எதிர்ச் சுவரில் பள்ளியின் படம். ஆசிரியர் சொல்லும் சொல்லைக் கேட்டுச் சரியான சுவருக்கு ஓட வேண்டும். பிறகு ஆசிரியர் இடத்தில் ஒரு மாணவர் நின்று சொல்ல வேண்டும். அவர் நாவைச் சரியாக மடிக்காவிட்டால் வகுப்பில் பாதி இங்கும் பாதி அங்கும் ஓடி மோதிக்கொள்ளும். தம் உச்சரிப்பால் விளைந்த குழப்பத்தைத் தாமே கண்ணால் காண்பதால், நாங்கள் திருத்த வேண்டிய தேவையே எழுவதில்லை. வலி, வளி, வழி என்று மூன்று சுவர் வைத்தும் ஆடியதுண்டு. அன்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

இவ்வளவும் நன்றாக நடக்க, எங்கள் கண்ணில் படாத பிழை ஒன்றும் கூடவே நடந்துகொண்டிருந்தது. எல்லா விளையாட்டிலும் தவறியவர் வெளியேற வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். கடைசிவரை நிற்பவருக்கு நட்சத்திரம். எப்போதும் நட்சத்திரம் பெற்றவர்கள் முன்பே சொல்வளம் உடைய ஐந்தாறு பேர்தாம். எப்போதும் முதலில் வெளியேறியவள் அந்தப் பெரியவரின் பேத்தி. விளையாட்டு நேரம் அரை மணி என்றால், அதில் அவள் ஆடியது ஓரிரு நிமிடம்; மீதி நேரம் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். யாருக்குச் சொல் மிகவும் தேவையோ அவரையே முதலில் வெளியே அனுப்பும் விளையாட்டை, சொல் கற்பிக்கும் விளையாட்டு என்று நாங்கள் பெருமையுடன் நடத்தி வந்தோம்.

அவள் ஏட்டைப் பெரியவர் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் நாங்களும் அதை ஒழுங்காகப் பார்த்தோம். எழுதிய கடைசிப் பக்கத்தில், 'நான் சடக்கில் நடந்து பள்ளிக்கு வந்தேன்' என்ற வரி இருந்தது. 'சடக்கு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'சாலை' என்று எழுதியிருந்தது எங்கள் கைதான். அவ்வரியை வகுப்பில் உரக்க வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதும், நாங்கள் தடுக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தன. அதற்குப் பிறகு ஒரு பக்கமும் இல்லை. அவள் எழுதுவதையும் நிறுத்தியிருந்தாள், பேசுவதையும் நிறுத்தியிருந்தாள்.

வெளியேற்றும் விதியை அன்றே நீக்கினோம். தவறியவர் மணியடிப்பவராகவோ பையை ஏந்துபவராகவோ மாறி, இரண்டு சுற்றில் மீண்டும் ஆட்டத்திற்கு வந்துவிடுவார். ஆயினும் அச்சிறுமி வாய் திறக்கவில்லை. வேறு வழி தோன்றாமல் பெரியவருக்கே சொல்லி அனுப்பினோம்: "ஐயா, ஒரு நாள் வகுப்பில் வந்து அமர்ந்து பாருங்கள்."

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, சிறுவர் நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க அமர்ந்தார். அன்று தட்டு விளையாட்டு. ஒரு தட்டில் பத்துப் பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடிவிடுவோம்; பிள்ளைகள் நினைவிலிருந்து பெயர் சொல்ல வேண்டும். கிப்ளிங் 1901 இல் எழுதிய 'கிம்' என்னும் நாவலில் இவ்விளையாட்டு வருகிறது. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் அதை எடுத்துச் சாரணர்க்கு ஆக்கினார். பெரியவர் வருகிறார் என்பதற்காகவே தோட்டத்தில் இரண்டு பொருள்களை இரவல் வாங்கி, ஒன்றின் கூர்முனையைத் துணியால் சுற்றி, தட்டில் சேர்த்திருந்தோம். துணியை விலக்கி, "இது கத்தி, இது கிண்ணம்" என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தோம்.

"கத்தி இல்லீங்க டீச்சர்" என்றார் பெரியவர். வகுப்பு திரும்பிப் பார்த்தது. "உளி. அது மங்கு."

எழுந்து வந்து உளியைக் கையில் எடுத்தார். வகுப்பறைத் தூணைப் பால் மரமாக்கி, அதைச் சுற்றிச் சாய்வாகக் கோடு இழுத்துக் காட்டினார். "பால் வெட்டுன்னுதான் பேரு. ஆனா மரத்தை வெட்டக் கூடாது, சீவணும். காகிதம் கனத்துக்குப் பட்டை வரணும். ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம்." விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதையும், மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையேல் கூலி இல்லை என்பதையும் சொன்னார். மங்கில் தங்கி உறைந்தது கட்டிப்பால்; வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்தது ஒட்டுப்பால். வரிசை என்று நாங்கள் சொல்வது அவருக்கு நிரை. மரங்கள் நிற்கும் இடம் வெளிக்காடு.

"தாத்தா, காண்டா சொல்லு" என்று ஒரு குரல் கேட்டது. அது அச்சிறுமியின் குரல் என்பதை உணர எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பைப் பற்றி அவர் சொல்லுமுன் அவளே எழுந்து, ஒரு நீண்ட அளவுகோலைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து காட்டினாள். அவள் வயதுப் பிள்ளைகள் காண்டாவைப் பார்த்ததே இல்லை. நம் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சொல் மட்டும் தாத்தாவின் வாயிலிருந்து பேத்தியின் காதுக்கு வந்து உயிரோடு இருந்திருக்கிறது.

அன்றைய ஒரு வாக்கியத்திலிருந்து புதிய விளையாட்டே பிறந்தது. வெட்டக் கூடாது, சீவ வேண்டும் என்றாரே, அது எங்களைச் சிந்திக்க வைத்தது. காயை நறுக்குகிறோம், புல்லை அறுக்கிறோம், பூவைப் பறிக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், விறகைப் பிளக்கிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், மரப்பட்டையைச் சீவுகிறோம். எங்கள் முதலாம் ஆண்டு மாணவர்களோ இவை அனைத்துக்கும் 'வெட்டு' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தி வந்தனர். இப்போது ஒருவர் பேசாமல் நடித்துக் காட்ட, மற்றவர்கள் வினையைச் சொல்ல வேண்டும். கீரை கிள்ளும் விரலும் பூப்பறிக்கும் விரலும் வேறு வேறாக அசைவதைப் பிள்ளைகள் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார்கள் என்பதைப் பெற்றோர்கள் வந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று சீட்டு விளையாட்டு. பாதிச் சீட்டுகளில் வீட்டுச் சொல். பாதியில் ஏட்டுச் சொல். கவிழ்த்து வைத்த சீட்டுகளில் இணையைத் தேடி எடுக்க வேண்டும். சடக்குக்குச் சாலை, சப்பாத்துக்குக் காலணி, கச்சானுக்கு நிலக்கடலை, சிலுவாருக்குக் காற்சட்டை. இணையைக் கண்டவர் இரண்டையும் வைத்து இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும்: ஒன்று பாட்டியிடம் பேசுவதுபோல், மற்றது மேடையில் பேசுவதுபோல். தேர்வில் எதை எழுத வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதற்காக வீட்டில் பேசுவதைக் குறித்து வெட்கப்பட வேண்டியதில்லை என்பதும் தெரிகிறது. மூத்த மாணவர்களுக்கு அச்சொற்களின் ஊர்ப்பயணத்தையும் சொல்கிறோம். சடக்கு இந்தியிலிருந்து வந்தது. சப்பாத்து போர்த்துகீசியருடன் கப்பலேறி வந்தது. கச்சானும் சிலுவாரும் மங்கும் மலாய் மொழி தந்தவை. மலாயின் 'கெத்தா' நம் வாயில் கித்தாவாயிற்று. கித்தா என்று எழுதினால் பிழை, ரப்பர் என்று எழுதினால் சரி என்கிறோம். இரண்டுமே வந்த சொற்கள்தாமே என்று ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்டபோது, எங்களிடம் நல்ல விடை இல்லை. 'பசியாறுதல்' என்ற நம் வீட்டுச் சொல்லுக்கு முன் 'காலை உணவு' எவ்வளவு வறண்டு நிற்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்டதில் பாதி நியாயம் என்றோம். வெறும் ஏட்டைக் கண்டு அவர் கவலைப்பட்டது சரியே. விளையாடிய களிப்பில் சொல் நாவில் ஏறுகிறது. எழுதாவிட்டால் அடுத்த திங்களே கரைந்துவிடுகிறது. சொற்களைச் சரியாகச் சொன்ன பிள்ளைகளே எழுதும்போது ழகரத்தையும் ளகரத்தையும் மாற்றிப் போட்டதைச் சோதனைத் தாள்களில் கண்டோம். ஆகவே இப்போது எந்த விளையாட்டும் ஏட்டில்தான் முடிகிறது. அன்று தமக்குப் பிடித்த ஐந்து சொற்களைப் பிள்ளைகளே தேர்ந்து எழுதுகிறார்கள். விரும்பியவர் ஒரு விடுகதையும் எழுதலாம். அச்சிறுமி எழுதியதை அவள் அனுமதியுடன் இங்குத் தருகிறோம்:

'தினமும் சீவுவார்கள், அழுவேன். நான் அழுதால் வீட்டில் சோறு. வானம் அழுதால் எனக்கு விடுமுறை. நான் யார்?'

விடையை மாணவச் செல்வங்களே கண்டுபிடிக்கலாம்.

பெற்றோர்களிடமும் தோட்டத்துப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தட்டு விளையாட்டுக்குப் பொருள்கள் போதவில்லை. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் மங்கு, அம்மி, உரல், முறம், பழைய விளக்கு, செம்பனைத் தோட்டத்தில் புழங்கும் பழைய கருவி எதுவாயினும், கூர்மையை மழுக்கி, பெயரை ஒரு தாளில் எழுதி அனுப்பி வைக்கவும். பெயர் ஏட்டில் இல்லாததாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி. ஒரு பாட வேளை வந்து அமர இயலுமானால் முன்கூட்டியே தெரிவிக்கவும்; பெரியவர்களுக்கென்று உயரமான நாற்காலிகள் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறோம்.

பெரியவர் போன வாரம் தம் காண்டாக் கம்பைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அது எந்தத் தட்டிலும் பையிலும் அடங்கவில்லை. வகுப்பின் மூலையில் சாத்தி வைத்திருக்கிறோம். அதன் அருகே உளியும் இருக்கிறது. பழக்க தோஷத்தில் நாங்கள் இன்னமும் சில வேளைகளில் 'கத்தி' என்று சொல்லிவிடுகிறோம். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கை உயரும். "கத்தி இல்லை, டீச்சர்."